ஷேர்டு பிராஞ்சை ரீசெட் பண்ணா உள்ள என்ன நடக்குது, சேதாரம் இல்லாம அதை எப்படி பண்றது

"மெயின்ல தப்பான மெர்ஜ் ஒண்ணு போயிடுச்சு, ரீசெட் பண்ணி விட்டுடு." கோட் எழுதுற எந்த டீம்லயும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்திருக்கும். மெயின்ங்கிறது டீம் எல்லாரும் சேர்ந்து பயன்படுத்துற பிராஞ்ச், மெர்ஜ்னா ஒரு பிராஞ்சோட வேலையை இன்னொண்ணுல சேர்க்கிறது, புஷ்னா நம்ம மெஷின்ல இருக்கிறதை சர்வருக்கு அனுப்புறது. இதைக் கேட்டதும் சிலர் ரீசெட்னாலே கோட் எல்லாம் அழிஞ்சு போயிடும்னு பயந்து கைய வைக்கவே மாட்டேங்கிறாங்க, இன்னும் சிலர் ரீசெட் பண்ணி ஃபோர்ஸ் புஷ் அடிச்சா பழசு போச்சு, வேலை முடிஞ்சதுன்னு எழுந்து போயிடுறாங்க. ரெண்டுமே சரியில்ல. கோடோட ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு பண்ணி வைக்கிற கிட்ல கோட் அவ்வளவு சுலபமா அழியாது, பிரச்சனையே அதுதான். போயிடுச்சுன்னு நாம நினைச்ச கோட், யாரும் கவனிக்காத ஒரு நேரத்துல ஒரு சாதாரண புஷ் வழியா திரும்ப மெயின்ல வந்து உட்கார்ந்துக்கும்.

ஷேர்டு பிராஞ்சை ரீசெட் பண்றதுன்னா மூணு இடத்தை ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போக வைக்கணும்: சர்வர்ல இருக்கிற பிராஞ்ச், டீம்ல ஒவ்வொருத்தர் மெஷின்ல இருக்கிற காப்பி, ரிவியூ சிஸ்டம் எழுதி வெச்சிருக்கிற பதிவு. ஃபோர்ஸ் புஷ் முதல் இடத்தை மட்டும்தான் மாத்துது. மத்த ரெண்டையும் அப்படியே விட்டுடுறதாலதான் எல்லா குழப்பமும் வருது.

பிராஞ்ச்ங்கிறது ஒரு அடையாளச் சீட்டு

ஒரு குழுவே சேர்ந்து எழுதுற ஒரு நோட்டை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் "எனக்கு முந்தின பக்கம் இதுதான்"னு எழுதியிருக்கு, எழுதின பக்கத்தை யாரும் திருத்த முடியாது, புதுப் பக்கம்தான் சேர்க்கலாம். கடைசியா எந்தப் பக்கத்துல நிக்கிறோம்னு காட்ட ஒரு சீட்டு செருகி வெச்சிருக்கு. முக்கியமா, இந்த நோட்டு ஒண்ணே ஒண்ணு இல்ல, குழுவுல இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் முழுசா ஒரு ஜெராக்ஸ் இருக்கு, அதுலயும் ஒரு சீட்டு செருகியிருக்கு.

இதுல பக்கம்ங்கிறதுதான் கமிட். கமிட்னா ஒரு நேரத்துல எல்லா ஃபைலும் எப்படி இருந்துச்சுங்கிற முழு படம், கூடவே யார் எழுதினாங்க, எதுக்கு எழுதினாங்க, இதுக்கு முந்தின கமிட் எதுங்கிற தகவல். இது எல்லாத்தையும் சேர்த்து கணக்குப் போட்டு வர்ற 40 எழுத்து அடையாளத்துக்குத்தான் ஹாஷ்னு பேரு. உள்ள ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிடும், அதனால பழைய கமிட்டை திருத்துறதுங்கிறதே கிடையாது, திருத்தினா அது புது கமிட்.

சீட்டுதான் பிராஞ்ச். நிறைய பேர் பிராஞ்சுன்னா கமிட்டெல்லாம் அடுக்கி வெச்ச ஒரு பெட்டின்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. உங்க ரெப்போக்குள்ள, அதாவது ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள, ஒளிஞ்சிருக்கிற கிட் ஃபோல்டரைத் திறந்து பிராஞ்ச் ஃபைலைப் பார்த்தா சாதாரணமா 41 பைட்தான் இருக்கும், 40 எழுத்து ஹாஷ், ஒரு நியூலைன். எந்த கமிட்ல நிக்கிறோம்ங்கிற அந்த ஒரு தகவலைத் தவிர பிராஞ்சுக்குள்ள வேற ஒண்ணுமே கிடையாது, வரலாறு எல்லாம் அந்த கமிட்ல இருந்து ஒவ்வொரு முந்தின கமிட்டா பின்னாடி நடந்து போய் தெரிஞ்சுக்கிறதுதான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல கிட்டை எழுதினப்பவே, ஒவ்வொருத்தர்கிட்டயும் முழு வரலாறும் இருக்கணும்ங்கிறதுதான் அடிப்படை. நெட் இல்லாம வேலை செய்யலாம், சர்வர் போனாலும் யார் மெஷின்ல இருந்தாவது மீட்டெடுக்கலாம். இந்த நல்ல குணம்தான் ரீசெட் பண்றப்ப நமக்கு எதிரா திரும்புது.

ரீசெட்டும் ஃபோர்ஸ் புஷ்ஷும்

ஒரு உதாரணத்தை வெச்சுக்குவோம், கடைசி வரைக்கும் இதையே பார்க்கலாம். மெயின்ல 1-ல இருந்து 8 வரைக்கும் கமிட் இருக்கு. 5 வரைக்கும் எல்லாம் நல்லா ஓடுது. 6-ல யாரோ தப்பான பிராஞ்சை மெர்ஜ் பண்ணிட்டாங்க. அது தெரியாம வேற ரெண்டு பேர் 7, 8னு அவங்கவங்க நல்ல வேலையை மேல சேர்த்துட்டாங்க.

ரீசெட்னா பிராஞ்ச் சீட்டைப் பிடுங்கி வேற கமிட்ல செருகுறது, அவ்வளவுதான். மெயினை 5-க்கு ரீசெட் பண்ணா 6, 7, 8 அழியல, அந்த சீட்டுல இருந்து பின்னாடி நடந்தா அந்த மூணும் கண்ல படாது, அவ்வளவுதான் வித்தியாசம். நம்ம மெஷின்ல கிட் ஒரு டைரி மாதிரி ரெஃப்லாக்னு ஒண்ணு வெச்சிருக்கு, சீட்டு எங்கெங்க இருந்துச்சுன்னு அதுல பதிவாகும், மாத்தாம விட்டா பொதுவா 90 நாளும், சீட்டு இப்ப நிக்கிற இடத்துல இருந்து எட்டாத கமிட்டுக்கு 30 நாளும் அந்தப் பதிவு இருக்கும். அதனால உங்க சொந்த மெஷின்ல ரீசெட் பண்ணிட்டு பயப்பட வேண்டாம், கமிட் பண்ணின எதையும் திரும்ப எடுத்துடலாம். கமிட் பண்ணாத மாற்றத்தை மட்டும், ஃபைலையும் சேர்த்து மாத்துற ஹார்ட் ரீசெட் நிஜமாவே அழிச்சிடும், அங்க ஜாக்கிரதை வேணும்.

சாதாரண புஷ்ல கிட் ஒரு விஷயத்தை சரிபார்க்கும்: புதுசா வர்ற கமிட்ல இருந்து பின்னாடி நடந்தா இப்ப இருக்கிற கமிட்டை அடைய முடியுதா. 8-ல இருந்து 9-க்குப் போறது சரி, 8-ல இருந்து 5-க்கு வர்றதை ஒத்துக்காது. அந்த சரிபார்ப்பைத் தாண்டி "நான் சொல்ற இடத்துல வை"ன்னு சொல்றதுதான் ஃபோர்ஸ் புஷ். இதுல ஒரு ஆபத்து நிறைய பேருக்குத் தெரியாது. நம்ம மெஷின்ல இருக்கிற அந்த ரெஃப்லாக் டைரி, சர்வர்ல இருக்கிற ரெப்போல (வேலை பண்ற ஃபைல் இல்லாம வரலாறு மட்டும் இருக்கிற, bare-னு சொல்ற வகை) டிஃபால்ட்டா எழுதப்படுறதே இல்ல. நீங்க ஃபோர்ஸ் பண்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி யாரோ 9-னு ஒண்ணு சேர்த்திருந்தா, அதுவும் சேர்ந்து காணாம போயிடும், சர்வர்கிட்ட கேட்டா எங்க இருந்துச்சுன்னு சொல்ல அதுக்கு வழி இருக்காது.

இதுவரைக்கும் சொன்னது: பிராஞ்ச் வெறும் சீட்டு, ரீசெட் அதை நகர்த்துது, ஃபோர்ஸ் புஷ் சர்வர்ல இருக்கிற சீட்டை நகர்த்துது. கமிட்டெல்லாம் எல்லார் மெஷின்லயும் அப்படியே இருக்கு.

பழசு எப்படி திரும்பி வருது

சர்வர்ல மெயினை 5-க்குக் கொண்டு வந்தாச்சு. டீம்ல ஒருத்தர் நேத்தே 8 வரைக்கும் எடுத்து, அதுக்கு மேல 9-னு தன் கமிட் ஒண்ணு போட்டு வெச்சிருக்கார். இன்னிக்கு வந்து புல் பண்றார், அதாவது சர்வர்ல இருக்கிறதை எடுத்து தன் காப்பியோட சேர்க்கிறார். கிட் பார்க்குது: சர்வர் 5-ல இருக்கு, இவர் 9-ல இருக்கார், 9-ல இருந்து பின்னாடி நடந்தா 5 வருது, அப்ப இவர்கிட்ட சர்வர்ல இருக்கிற எல்லாமே இருக்கு, எடுக்க ஒண்ணும் இல்ல. அதனால "ஆல்ரெடி அப் டு டேட்"னு சொல்லிடும்! அதுக்கு மேல ஒரு வரியில ஃபோர்ஸ்டு அப்டேட்னு சின்னதா காட்டியிருக்கும், அதை யாரும் படிக்கிறதில்ல.

அடுத்து அவர் புஷ் பண்றார். கிட் சரிபார்க்குது: 9-ல இருந்து 5-க்குப் போக வழி இருக்கா, இருக்கு. சர்வர் ஏத்துக்குது. 6, 7, 8, 9 நாலும் மெயின்ல திரும்ப வந்தாச்சு, யாரும் ஃபோர்ஸ் பண்ணல, எந்த எச்சரிக்கையும் வரல, அவர் மேல எந்தத் தப்பும் கிடையாது. தன் நோட்டுல இருக்கிற பக்கத்தை அவர் சேர்த்தார், அவ்வளவுதான், அந்தப் பக்கம் வேண்டாம்னு முடிவானது அவருக்கு எப்படித் தெரியும்?

சர்வர்ல 5-க்கு மேல வேற புது கமிட் வந்திருந்தா இன்னும் மோசம், புல் மெர்ஜ் பண்ற மாதிரி செட் பண்ணியிருந்தா அப்பவே ஒரு மெர்ஜ் கமிட் உருவாகி அதுக்குள்ள 6 ஒளிஞ்சுக்கும். கிட்ஹப் மாதிரி இடத்துல நேரடி புஷ்ஷை மூடி வெச்சிருந்தாலும், 8-ல இருந்து கிளம்பின ஒரு பிராஞ்சுக்கு புல் ரிக்வெஸ்ட் (இதை மெயின்ல சேர்த்துக்கோங்கன்னு கேட்கிறது) போட்டா அதோட கமிட் லிஸ்ட்ல 6, 7, 8 எல்லாம் சேர்ந்து வரும், கவனிக்காம மெர்ஜ் பண்ணா கதை அதேதான். பில்டு மெஷின்கள்ல பழைய காப்பியை வெச்சுக்கிட்டு புல் மட்டும் பண்ற ஸ்கிரிப்ட் இருந்தா அது 8-லயே நின்னு பழைய கோடையே பில்டு பண்ணிட்டிருக்கும். ஆள் மட்டுமில்ல, மெஷின்கிட்டயும் காப்பி இருக்குங்கிறதை மறந்துடக்கூடாது.

ரிவியூ சிஸ்டத்துக்கு தனி ஞாபகம் உண்டு

கோட் ரிவியூ சிஸ்டம்னா, கமிட் மெயினுக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் படிச்சு ஓகே சொல்லணும்ங்கிற வேலையை நடத்துற சர்வர். கெரிட்டை எடுத்துக்குவோம், ஆண்ட்ராய்டு கோட் எல்லாம் ரிவியூ ஆகுறது இதுலதான். இங்க நாம நேரா மெயினுக்கு புஷ் பண்றதில்ல, ரெஃப்ஸ் ஃபார் மெயின்ங்கிற ஒரு வாசலுக்கு புஷ் பண்றோம், கெரிட் அதை வாங்கி ஒரு சேஞ்சா பதிவு பண்ணிக்குது. ஒவ்வொரு கமிட் மெசேஜோட கடைசியிலயும் சேஞ்ச் ஐடின்னு ஒரு வரி இருக்கும். கமிட்டை திருத்தினா ஹாஷ் மாறிடுதில்லையா, ஹாஷ் மாறினாலும் இது அதே வேலைதான்னு கெரிட் கண்டுபிடிக்கிறது இந்த வரியை வெச்சுத்தான்.

சப்மிட் ஆன, அதாவது ஓகே வாங்கி மெயின்ல சேர்ந்த, சேஞ்சுக்கு மெர்ஜ்டுன்னு ஸ்டேட்டஸ் விழும். இந்த ஸ்டேட்டஸ் பிராஞ்சைப் பார்த்து அப்பப்ப கணக்குப் போடுறது இல்ல, ஒரு தடவை எழுதினா எழுதினதுதான். மெயினை 5-க்கு ரீசெட் பண்ணப்புறமும் 6, 7, 8 மூணுக்கும் ஸ்கிரீன்ல மெர்ஜ்டுன்னே காட்டும். பிராஞ்ச்ல இல்லாததை இருக்குன்னு சொல்ற ஒரு பதிவு! ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து "இந்த ஃபிக்ஸ் போயிருக்கே, ஏன் இன்னும் பக் வருது"ன்னு தேடி அலையறது இதனாலதான். கிட்ஹப்லயும் இதே கதைதான், மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்ட் அந்த ஸ்டேட்டஸ்லயேதான் இருக்கும்.

இதோட இன்னொரு தலைவலி. 7 நல்ல வேலை, அதை திரும்ப ரிவியூக்கு அனுப்பலாம்னு அதே கமிட்டை புஷ் பண்ணா "நோ நியூ சேஞ்சஸ்"னு கெரிட் திருப்பி அனுப்பிடும், அந்த கமிட்டை அதுக்கு ஏற்கெனவே தெரியும். கொஞ்சம் திருத்தி அனுப்பினாலும் சேஞ்ச் ஐடி பழசுங்கிறதால, இந்த சேஞ்ச் மூடியாச்சுன்னு மறுத்துடும். மெர்ஜ்டு ஆனதை திரும்பத் திறக்குற பட்டனும் கிடையாது.

ரகசியம் ஏதாவது கசிஞ்சதுக்காக ரீசெட் பண்றவங்க இதை நல்லா கவனிக்கணும். ரிவியூக்கு வந்த ஒவ்வொரு பேட்ச் செட்டுக்கும் (ஒரு சேஞ்சோட ஒவ்வொரு வெர்ஷனுக்கும்) கெரிட் தனியா ஒரு ரெஃபரன்ஸ் வெச்சிருக்கு, அதனால அந்த கமிட் குப்பைன்னு எடுத்துப் போடப்படாது. பாஸ்வேர்டோ ஏபிஐ கீயோ ஒரு தடவை சர்வருக்குப் போயிடுச்சுன்னா ரீசெட்டை நம்பாதீங்க, முதல் வேலையா அந்த கீயையே கேன்சல் பண்ணி புதுசு எடுங்க.

சுருக்கமா, சர்வர் பிராஞ்ச் 5-னு சொல்லுது, டீம் மெஷின் 8-னு சொல்லுது, ரிவியூ பதிவும் 8-னு சொல்லுது. இந்த மூணையும் ஒண்ணாக்குற வரைக்கும் ரீசெட் முடியல.

ரீசெட் நிஜமாவே வேணுமா

பத்துல ஒன்பது தடவை வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து. ரிவர்ட்னு ஒண்ணு இருக்கு: பழைய கமிட் செஞ்சதுக்கு நேர் எதிரா செய்யுற ஒரு புது கமிட். சீட்டு முன்னாடிதான் போகுது, யார் காப்பியோடயும் முட்டாது, ரிவியூ வழியாவே போகும், ஏன் பண்ணோம்னு மெசேஜ்ல எழுதலாம். நம்ம உதாரணத்துல 6-ஐ மட்டும் ரிவர்ட் பண்ணா 7, 8 ரெண்டும் பத்திரமா அப்படியே இருக்கும்.

6 ஒரு மெர்ஜ்ங்கிறதால எந்தப் பக்கத்தை அசலா வெச்சுக்கணும்னு கிட்டுக்குச் சொல்லணும், அந்த ஆப்ஷன்ல பொதுவா 1-னு கொடுத்தா மெயின் பக்கம் (இது கமிட் 1 இல்ல, மெர்ஜோட முதல் பக்கம்). இதுல ஒரு சிக்கல் இருக்கு, பின்னாடி அந்த பிராஞ்சை சரி பண்ணி திரும்ப மெர்ஜ் பண்ணா பழைய மாற்றமெல்லாம் வராது, ஏன்னா வரலாறுப்படி அது ஏற்கெனவே மெர்ஜ் ஆனது. அப்ப அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் பண்ணிட்டு மேல சேர்க்கணும்.

தப்பு நிறைய கமிட்ல பரவிக் கிடந்தா ஒவ்வொண்ணா ரிவர்ட் பண்ணி கான்ஃப்ளிக்டோட மல்லுக்கட்ட வேண்டாம். கிட் ரெஸ்டோர் கமாண்டுல சோர்ஸா 5-ஐக் கொடுத்து, ஸ்டேஜ்டு, வொர்க்ட்ரீ ரெண்டு ஆப்ஷனையும் போட்டு, ரெப்போவோட மேல் ஃபோல்டர்ல நின்னு மொத்தத்தையும் எடுத்தீங்கன்னா எல்லா ஃபைலும் 5-ல இருந்த மாதிரியே வந்துடும், நடுவுல புதுசா வந்து சேர்ந்த ஃபைலும் போயிடும். அதை ஒரே கமிட்டா போட்டு ரிவியூக்கு அனுப்புங்க. 5-க்கும் இந்தப் புது கமிட்டுக்கும் டிஃப் (வித்தியாசம்) எடுத்தா ஒண்ணும் வரக்கூடாது, ரிவியூ பண்றவர் சரிபார்க்க வேண்டியதும் அவ்வளவுதான். ரீசெட்டோட பலன் முழுசா கிடைச்சாச்சு, ஆனா ஒருத்தர் காப்பியும் கெடல. இந்த வழி பல பேருக்குத் தெரியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்ப ரீசெட் எப்பதான் வேணும்? பெரிய பைனரி ஃபைல் உள்ள போய் எல்லாரோட குளோனும் வீங்கினா, வேற ப்ராஜெக்டோட வரலாறே கலந்து ஆயிரக்கணக்குல கமிட் வந்துட்டா, சட்டப்படி வெச்சிருக்கவே கூடாத கோட் வந்துட்டா. வரலாறே மாறணும்ங்கிற நிலைமை இதுல எல்லாம்.

பண்ணியே ஆகணும்னா

முதல்ல ஆளுங்க. எந்த பிராஞ்ச், எந்த நேரம், அதுவரைக்கும் யாரும் சப்மிட் பண்ண வேண்டாம், புல் பண்ணவும் வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லுங்க. சொன்னா மட்டும் போதாது, கெரிட்ல அந்த பிராஞ்சுக்கு சப்மிட் அனுமதியை தற்காலிகமா பிளாக் பண்ணிடுங்க, தானா ஓடுற பாட் எதாவது மெர்ஜ் பண்ணுதான்னும் பாருங்க.

அடுத்து, இப்ப மெயின் நிக்கிற இடத்தை சர்வர்கிட்டயே கேளுங்க, கிட் எல்எஸ் ரிமோட் கமாண்ட் அதைச் சொல்லும். உங்க மெஷின் சொல்றது பழசா இருக்கலாம். கிடைச்ச ஹாஷுக்கு, அதாவது 8-க்கு, ஒரு டேக், அதாவது நகராத ஒரு பேர், போட்டு சர்வருக்கு அனுப்பிடுங்க. சர்வர்ல டைரி கிடையாதுன்னு பார்த்தோமே, அந்தக் குறையை இந்த டேக் அடைச்சிடும், நாளைக்கு ஏதாவது தப்பாச்சுன்னா திரும்பிப் போக ஒரு இடம் இருக்கு. அப்புறம் 5-க்கும் 8-க்கும் நடுவுல இருக்கிற கமிட் லிஸ்டை எடுத்து, எது போகணும், எது திரும்ப வரணும்னு அந்தந்த கமிட்டை எழுதினவங்களையே வெச்சு முடிவு பண்ணுங்க. இதை ரீசெட்டுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா 7, 8 காணாம போறது நிச்சயம்.

ஃபோர்ஸ் புஷ் அனுமதியை ஒரே ஒரு ஆளுக்கு, அந்த ஒரு பிராஞ்சுக்கு மட்டும் கொடுங்க. கெரிட்ல அக்சஸ் பக்கத்துல புஷ்ஷுக்கு கீழ ஃபோர்ஸ் ஆப்ஷன் இருக்கு, கிட்ஹப், கிட்லேப் ரெண்டுலயும் புரொடெக்டட் பிராஞ்ச் செட்டிங்ல இருக்கு.

புஷ் பண்றப்ப வெறும் ஃபோர்ஸ் வேண்டாம். ஃபோர்ஸ் வித் லீஸ்னு ஒரு ஆப்ஷன் 2013-ல, கிட் 1.8.5-லயே வந்துடுச்சு. "சர்வர்ல இன்னும் 8-தான் இருக்குன்னா மட்டும் 5-க்கு மாத்து, வேற எதாவது இருந்தா விட்டுடு"ன்னு அர்த்தம். இதுல 8-ஓட ஹாஷை முழுசா கையால கொடுக்கணும், அதை விட்டுடாதீங்க. கொடுக்கலன்னா உங்க மெஷின் கடைசியா சர்வர்ல பார்த்ததை வெச்சு முடிவு பண்ணும், எடிட்டர் பின்னாடி சத்தமில்லாம ஃபெட்ச் பண்ணிட்டிருந்தா (சர்வர்ல இருக்கிறதை எடுக்க மட்டும் செய்யும், நம்ம பிராஞ்சோட சேர்க்காது) அந்தப் பாதுகாப்பே இல்லாம போயிடும்.

போனதும் திரும்ப எல்எஸ் ரிமோட்ல பாருங்க, 5 வந்திருக்கணும். அந்த நிமிஷமே ஃபோர்ஸ் அனுமதியை எடுத்துடுங்க, நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டது அப்படியே வருஷக்கணக்கா கிடக்கும்.

டீம் மெஷினும் ரிவியூ பதிவும்

சொந்த கமிட் எதுவும் இல்லாதவங்களுக்கு வேலை சுலபம், ஃபெட்ச் பண்ணிட்டு தன் மெயினை சர்வர் மெயினுக்கு ஹார்ட் ரீசெட் பண்ணணும், அதுக்கு முன்னாடி கமிட் பண்ணாத மாற்றம் இருந்தா ஸ்டாஷ்ல (கிட்டோட தற்காலிக ஒதுக்கிடம்) வெச்சுக்கணும். 9 வெச்சிருக்கிறவர் ரீபேஸ் ஆன்ட்டோ பயன்படுத்தணும், அதுக்கு மூணு விஷயம் கொடுக்கணும்: சர்வரோட புது மெயின், பழைய 8-ஓட ஹாஷ், தன் பிராஞ்ச் பேரு. "8-க்கு அப்புறம் நான் எழுதினதை மட்டும் எடுத்து புது மெயின் மேல வை"ன்னு அர்த்தம். சாதாரண புல்லை மட்டும் இந்த நேரத்துல தொடக்கூடாது. டீமுக்கு அனுப்புற மெசேஜ்ல இந்த கமாண்டை, 8-ஓட ஹாஷோட சேர்த்து, அப்படியே காப்பி பண்ற மாதிரி எழுதிக் கொடுத்துடுங்க, "எல்லாரும் லோக்கலை அப்டேட் பண்ணிக்கோங்க"ன்னு பொதுவா சொன்னா பாதி பேர் புல்தான் பண்ணுவாங்க. பில்டு மெஷின்ல இருக்கிற காப்பியை அழிச்சு புதுசா குளோன் பண்ண விடுங்க. வேற ரெப்போ எதாவது இந்த ரெப்போவை உள்ள வெச்சு (சப்மாட்யூலா) 8-ஐக் காட்டிட்டிருந்தா அதையும் மாத்தணும்.

ரிவியூல திறந்திருக்கிற சேஞ்ச் எல்லாம் பாருங்க, 6, 7, 8 மேல நிக்கிறதை எல்லாம் இதே மாதிரி ரீபேஸ் பண்ணி புது பேட்ச் செட்டா ஏத்தணும். மெர்ஜ்டுன்னு பொய் சொல்லிட்டு நிக்கிற மூணு சேஞ்ச்லயும், இந்தத் தேதியில மெயின் ரீசெட் ஆச்சு, இந்த கமிட் இப்ப பிராஞ்ச்ல இல்ல, அதுக்குப் பதிலா வந்தது இதுன்னு ஒரு கமென்ட் போட்டு லிங்க் கொடுத்துடுங்க. ஸ்டேட்டஸை மாத்த முடியாது, படிக்கிறவங்களுக்கு உண்மையையாவது சொல்லி வைக்கலாம்.

கடைசியா 7-ஐயும் 8-ஐயும் திரும்பக் கொண்டு வரணும். புது மெயின் மேல செர்ரி பிக் பண்ணி (அந்த ஒரு கமிட்டோட மாற்றத்தை மட்டும் எடுத்துப் போட்டு), கமிட் மெசேஜை திருத்துறப்ப பழைய சேஞ்ச் ஐடி வரியை அழிச்சுட்டு சேவ் பண்ணா, கெரிட்டோட கமிட் மெசேஜ் ஹூக் (கமிட் பண்றப்ப தானா ஓடுற ஸ்கிரிப்ட்) புது ஐடி போட்டுடும், அப்புறம் புது சேஞ்சாவே ரிவியூக்குப் போகும். முன்னாடி ஓகே வாங்கினதுதானேன்னு டெஸ்ட் ஓட்டாம விடாதீங்க, அப்ப அது 6 மேல நின்னு பாஸ் ஆனது, இப்ப 5 மேல நிக்குது. எல்லாம் உள்ள போய், திறந்திருந்த சேஞ்ச் எல்லாம் ரீபேஸ் ஆகி, சப்மிட் பிளாக்கையும் எடுத்ததுக்கு அப்புறம்தான் அந்த டேக்கை அழிக்கணும். பெரிய ஃபைலுக்காக ரீசெட் பண்ணியிருந்தா கண்டிப்பா அழிச்சே ஆகணும், அது இருக்கிற வரைக்கும் புதுசா குளோன் பண்ற ஒவ்வொருத்தருக்கும் அந்த ஃபைல் டேக் வழியா போய்க்கிட்டேதான் இருக்கும்.